காட்டுக்குள் எதை நம்பி நடப்பது: டோப்போ ஷீட்டா, கைப்பேசியா, ஜி.பி.எஸ். கருவியா, வழிகாட்டியா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் விலங்கு பார்க்க நடக்கத் தொடங்கிய நண்பர்கள், இரண்டாவது அல்லது மூன்றாவது பயணம் முடிந்ததும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளோடு வருகிறார்கள். கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கிறதே, அது போதாதா? தனியாக ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்கலாமா? டோப்போ ஷீட் என்கிற காகித வரைபடம் படிக்க இனிமேல் போய்க் கற்றுக்கொள்ள வேண்டுமா? எப்படியும் ஊர்க்காரர் ஒருவர் கூட வரப்போகிறார், பிறகு வரைபடம் எதற்கு?

நான்கையும் நான் நம்பி நடந்திருக்கிறேன். நான்கும் ஏதோ ஒரு நாளில் என்னைக் கைவிட்டும் இருக்கின்றன. அதனால் எனக்கு ஒரு முடிவான கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன் எதை வைத்து எடை போடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சட்டம். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ புலிகள் காப்பகத்துக்குள்ளோ வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. கையில் எவ்வளவு நல்ல வரைபடம் இருந்தாலும் அது அனுமதிச் சீட்டு ஆகாது. கீழே வருவது எல்லாம் அனுமதியோடு நடப்பவர்களுக்காக எழுதியது.

## எதை வைத்து எடை போடுவது

மலையேற்றத்துக்கு மட்டும் என்றால் ‘வழி தவறாமல் திரும்பி வர முடியுமா’ என்ற ஒரே கேள்வி போதும். விலங்கு பார்க்கப் போகிறவருக்கு அது போதாது. நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

நிலத்தின் மேடு பள்ளத்தை மனத்துக்குள் கொண்டுவர உதவுகிறதா? இந்த நொடியில் எங்கே நிற்கிறேன் என்று சொல்கிறதா? விலங்கு எங்கே இருக்கக்கூடும் என்று ஊகிக்க உதவுகிறதா? நடக்கும்போது என் கண்ணும் காதும் காட்டில் இருக்க விடுகிறதா? கடைசியாக, வாங்கும்போது தெரியாத செலவு என்ன?

இவற்றில் நான்காவதுக்கே அதிக எடை கொடுக்கிறேன். கேளையாடு ஒன்று பாதையைக் கடக்க இரண்டு நொடிகூட ஆவதில்லை. அந்த இரண்டு நொடியில் தலையைக் குனிந்திருந்தால் அந்த நாளுக்கு அவ்வளவுதான். அதைவிட முக்கியம், மூங்கில் புதருக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் ஒற்றை யானையைத் தலை நிமிர்ந்து நடப்பவர்தான் முதலில் கவனிப்பார்.

| | டோப்போ ஷீட் | கைப்பேசிச் செயலி | ஜி.பி.எஸ். கருவி | வழிகாட்டி |
|---|---|---|---|---|
| நிலத்தின் வடிவம் | ஒரே பார்வையில் முழுதும் | துண்டு துண்டாக | சிறு திரையில் ஓரளவு | நடந்து காட்டுவார் |
| இப்போது எங்கே? | நாமே கணிக்க வேண்டும் | உடனே தெரியும் | உடனே, பல மணி நேரம் | கேட்டால் போதும் |
| விலங்கைத் தேட | திட்டமிடும்போது பெரிய உதவி | குறைவு | பதிவு செய்ய மட்டும் | ஈடில்லை |
| கண் எங்கே இருக்கும்? | காட்டில் | திரையில் | பெரும்பாலும் காட்டில் | முழுக்கக் காட்டில் |
| மறைந்த செலவு | கற்கும் காலம், பழைய தகவல் | பேட்டரி, இடம் வெளியே கசிவது | விலை, சட்டச் சிக்கல் | நமக்காக அவர் ஏற்கும் ஆபத்து |

## டோப்போ ஷீட்

பள்ளிப் பாடத்தில் ‘தலப்படம்’ என்று படித்தது இதுதான். இந்திய நில அளவைத் துறை வெளியிடும் 1:50,000 அளவுத் தாளில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வேறுபாடு. ஒரு தாள், பக்கத்துக்குச் சுமார் 27 கி.மீ. உள்ள ஒரு சதுரத்தைக் காட்டிவிடும். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே அளவுக்கோடு போட்டுத் தொடங்கிய முக்கோண அளவையின் வழிவந்த தாள்கள் இவை. அந்தத் தொடர்ச்சியை நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மரியாதை வருகிறது.

ஒரு காலத்தில் இவற்றை வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. 2005-இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2017 முதல் பொது வரிசைத் தாள்களை அத்துறையின் இணையதளத்திலிருந்து பி.டி.எஃப். கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ள வழி வந்தது.

விலங்கு தேடுகிறவருக்கு இந்தத் தாள் என்ன தருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் இதை வழி காட்டும் படமாக மட்டுமே நினைக்கிறார்கள்.

முதலில் தண்ணீர். இந்தத் தாள்களில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஓடைக்கு நீல நிறம், வற்றிப்போகும் ஓடைக்குக் கறுப்பு. மார்ச் மாதத்தில் ஆனைமலையின் கிழக்குச் சரிவில் நடக்க அனுமதி கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் இரவு தாளை விரித்து, நீலம் எங்கே முடிந்து கறுப்பு தொடங்குகிறது என்று பென்சிலால் குறித்துவிட்டால், கடமானும் காட்டுமாடும் யானையும் எந்தப் பள்ளத்தை நோக்கி இறங்கும் என்பதில் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்து சரிவு. வரையாடு 1,200 மீட்டருக்கு மேலே, புல்வெளியும் பாறைச் செங்குத்தும் கூடும் இடத்தில் வாழ்கிறது. தமிழ்நாட்டில் 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளே தெரியவந்தன. அவ்வளவு குறைவான விலங்கைத் தேடும்போது மலை முழுவதையும் சுற்றுவதில் பொருளில்லை. சம உயரக் கோடுகள் அகலமாக விலகிக் கிடந்து, திடீரென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் விளிம்பைத் தாளில் தேடுங்கள். மேய்ச்சலுக்குப் புல், ஓடித் தப்பப் பாறை என்று இரண்டும் சேர்கிற விளிம்பு அதுதான்.

மூன்றாவது, யானை. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே மலைமுதுகு தாழ்ந்து இறங்கும் இடம், சம உயரக் கோடுகளில் இடுப்பு போல ஒடுங்கித் தெரியும். மனிதர் சுலபமாகக் கடக்கத் தேர்ந்தெடுக்கும் இடமும் அது, யானைக்கூட்டம் தேர்ந்தெடுக்கும் இடமும் அது. தாளில் ‘எளிய வழி’ என்று விரல் வைக்கும்போதே, அங்கே எதிரில் யார் வரக்கூடும் என்றும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

இனி குறைகள். தாளின் ஓரத்தில் அளவை செய்த ஆண்டு அச்சாகியிருக்கும். அதை முதலில் படியுங்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் தாள் புல்வெளி என்று காட்டும் பல இடங்களில் இன்று சீகை மரமும் தைலமரமும் அடர்ந்து நிற்கின்றன. உள்ளே நுழைய முடியாது, வரையாடும் இருக்காது. அன்று நீலமாக வரைந்த ஓடை இன்று சனவரியிலேயே வற்றியிருக்கலாம்.

இன்னொரு தொல்லை, நீங்கள் போக விரும்பும் இடம் தாளின் மூலையில்தான் விழும். கொடைக்கானல் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண் வரிசையில் அது 58 எஃப்/8 தாளின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. ஊரைச் சுற்றி நடப்பதற்கே நான்கு தாள் வேண்டும். அச்சுக் கடையில் கவனமாக இல்லாவிட்டால் தாளை ஏ4 அளவுக்குச் சுருக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. ஆக இருக்காது. பெரிய தாளில் முழு அளவில் அச்சிடச் சொல்லுங்கள், மழைக்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். யாரோ கொடுத்த பழைய தாளோடு ஜி.பி.எஸ். எண்களைப் பொருத்த முயன்றால் நூறு மீட்டருக்கு மேலும் விலகும். இரண்டும் பூமியின் வடிவத்தை வேறு வேறு கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பொது வரிசைத் தாள்களில் இந்தச் சிக்கல் இல்லை.

கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும்? சொந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குன்றின் தாளை எடுத்துக்கொண்டு நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை நடந்தால் போதும்.

## கைப்பேசிச் செயலி

கைப்பேசியைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. புலிக் கணக்கெடுப்பில் வனக் காவலர்களே எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற செயலியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்ற செயலிகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலைக் கொண்டு இதைச் செய்கின்றன. செலவு ஏறக்குறைய இல்லை. ‘இப்போது எங்கே நிற்கிறேன்’ என்ற கேள்விக்கு இதைவிட வேகமான விடை கிடையாது.

ஆனால் திரையில் தெரிவது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதையை யார் வேண்டுமானாலும் வரையலாம். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கோட்டைப் பார்த்து எங்கோ உட்கார்ந்து வரைந்திருப்பார்கள். அந்தக் கோடு யானைத் தடமாக இருக்கலாம், கைவிட்ட தோட்டத்துப் பாதையாக இருக்கலாம். கணக்கெடுப்பு ஒன்றில் தன்னார்வலராகப் போயிருந்தபோது, திரையில் புள்ளிக்கோடாகத் தெரிந்த பாதை ஒன்று சுருக்குவழி என்று நான் வாதாடினேன். கூட வந்த காவலர் ஒன்றும் சொல்லாமல் என்னை அதன் வழியே இருநூறு அடி கூட்டிப்போனார். பாதை ஒரு பாறை விளிம்பில் போய் நின்றது. கீழே பள்ளம், அடியில் சோலை. யானைகள் உப்பு மண் தின்ன வந்து திரும்பும் இடம் அது என்று பிறகு சொன்னார். அன்று அவர் இல்லாமல் நான் தனியாக அந்த வழியில் போயிருந்தால் அந்த மாலை எப்படி முடிந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

மேடு பள்ளத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தச் செயலிகளின் சம உயரக் கோடுகள் பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் கொண்டு எடுத்த அளவைகளிலிருந்து வருகின்றன. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரையைத் தொடாமல் மரங்களின் தலைப்பகுதியை ஒட்டியே அளந்தது. மரம் நிறைந்த ஒடுக்கமான பள்ளம் திரையில் மென்மையாகத் தெரியும். கால் வைக்கும்போதுதான் செங்குத்து என்று புரியும்.

பேட்டரியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை. விமானப் பயண நிலையில் போட்டுவையுங்கள், கூடுதல் பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேசப்படாத செலவு வேறு. இடப்பதிவு இயங்கும் கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்துவிடுகின்றன. இருவாச்சி கூடு வைத்திருக்கும் மரத்தின் படத்தை ஒரு குழுவில் பகிர்ந்தால், அந்த மரத்துக்கு வழி சொல்லிக் கொடுத்ததாகவே ஆகலாம். அந்தப் பொந்துக்குள் பெண் பறவை தன்னை அடைத்துக்கொண்டு, ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பி வாரக்கணக்கில் இருக்கிறது. பார்க்க வருகிற கூட்டம் ஆணை மிரட்டி விரட்டினாலே போதும், கூடு கெட்டுவிடும். பார்த்த உயிர்களைப் பதிந்து பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழியும் நிலையில் உள்ள உயிர்களின் துல்லியமான இடத்தைத் தானாகவே மறைத்துவிடுகிறது. நம் கைப்பேசிக் குழுக்களில் அப்படி ஒரு காவல் இல்லை. கேமராவின் இடப்பதிவை வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

## தனி ஜி.பி.எஸ். கருவி

சுருக்கமாகவே சொல்லலாம், பெரும்பாலானவர்களுக்கு இது தேவையில்லை.

இதன் பலம் உழைப்பு. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல் இரண்டில் முழுநாள் ஓடும் கருவிகள் உண்டு. அந்தச் செல் மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மழையில் நனையலாம், பாறையில் விழலாம், கையுறையோடு பொத்தானை அழுத்தலாம். பையின் தோள்பட்டையில் மாட்டிவிட்டால் நடந்த தடத்தைத் தானே பதிந்துகொண்டே வரும், நீங்கள் பார்க்கக்கூட வேண்டாம். ஆண்டுதோறும் அதே கோட்டில் நடந்து எச்சமும் கால்தடமும் எண்ணுகிறவர்களுக்கு, பல நாள் உள்ளே தங்குகிறவர்களுக்கு, இது கொடுத்த பணத்துக்கு ஈடாகும். அதைத் தவிர மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கலாம். விலங்கு பார்ப்பதில் அது பல மடங்கு உதவும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதியுள்ள கருவிகளை வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஆசையாக வாங்கி அனுப்புவார்கள். உரிய அனுமதியில்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம். அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். வெறுமனே இடம் காட்டும் கருவிக்கு இந்தத் தடை இல்லை. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

## பழங்குடி வழிகாட்டி

ஆனைமலையில் காடர், முதுவர், மலசர், புலையர். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர். பழனி மலையில் பளியர். பொதிகையில் காணிகள். இவர்களில் பலர் இன்று வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளிலும் உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள்.

இவர்களை வரைபடத்தோடு ஒப்பிடுவதே சற்றுப் பொருந்தாதது. வரைபடம் நேற்று வரை இருந்ததைச் சொல்லும். இவர் இன்று காலை நடந்ததைச் சொல்வார். யானை லத்தியைக் காலால் தொட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பார். தொலைவில் கருமந்தி குரல் மாறினால் நின்றுவிடுவார். எந்த அத்தி பழுத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஆகவே இருவாச்சி எங்கே வரும் என்றும் தெரியும். கண், காது, மூக்கு மூன்றையும் காட்டுக்கே கொடுத்துவிட்டு நடக்கும் சுகம் இவரோடு நடக்கும்போது மட்டுமே கிடைக்கிறது. வரையாட்டுக்குக் கீழிருந்து ஏறாமல், சுற்றிப்போய் மேலிருந்து அணுக வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வழிகாட்டிதான். ‘ஆபத்து கீழிருந்து வரும் என்று அது பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், அண்ணா’ என்றார். எந்தத் தாளிலும் அது அச்சாகவில்லை.

1987-இல் அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் விஞ்ஞானிகள் குழு ஒன்றுக்கு வழிகாட்டிய காணிகள், ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது, உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தமும் ஆயிற்று. வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அவரிடம் நாம் வாங்குவது ஒரு நாள் நடையை மட்டும் அன்று.

இங்கேயும் மறைந்த செலவு உண்டு, அதைச் சுமப்பவர் அவர். ‘இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமே’ என்று நாம் கெஞ்சும்போது, யானைக்கும் நமக்கும் நடுவே நிற்பவர் அவர்தான். மறுக்கச் சங்கடப்படுவார். ‘உங்களுக்குச் சரி என்று பட்டால் மட்டும்’ என்று கிளம்பும்போதே சொல்லிவிடுவது நம் கடமை.

எல்லாப் பொறுப்பையும் அவர் தலையில் போட்டுவிட்டு நடப்பதும் தவறு. அவர் வழுக்கி விழுந்து கணுக்கால் திரும்பிவிட்டால் உதவி கேட்டுப் போக வேண்டியவர் நாம். தீ வந்தால் எந்தப் பக்கம் இறங்குவது என்பது குழுவில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். காய்ந்த புல்வெளியில் உயரத்தை நோக்கி ஓடுவது உயிருக்கே ஆபத்து. பாதை எந்த ஓடையை, எந்த வெறும்பாறையை ஒட்டிப் போகிறது என்பது தாளைப் பார்த்திருந்தால்தான் அந்த நேரத்தில் நினைவுக்கு வரும்.

## யாருக்கு எது

முதல் முறை போகிறவர் என்றால் வழிகாட்டி உள்ள பாதையில் பதிவு செய்யுங்கள். வேறெதுவும் வாங்க வேண்டாம். கைப்பேசியில் அந்தப் பகுதியை இறக்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், ஆபத்து வந்தால் மட்டும் எடுங்கள்.

ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர் டோப்போ ஷீட் படிக்கக் கற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கண்ணை மூடினால் அந்த மலை உருவமாக எழுந்து வரும் வரை பார்க்க வேண்டும். அதன்பின் நடக்கும்போது தாளை எடுக்க வேண்டிய தேவையே அரிதாகிவிடும்.

கணக்கெடுப்பு, ஆய்வு என்று போகிறவருக்கு ஜி.பி.எஸ். கருவி. குழுவுக்கு ஒன்று போதும்.

பனிமூட்டம் கவியும் உயரப் புல்வெளிகளான நீலகிரியின் முக்கூர்த்தி, ஆனைமலையின் புல்மலை (கிராஸ் ஹில்ஸ்) போன்ற இடங்களில் கைப்பேசியையும் தாளையும் சேர்த்தே வைத்திருப்பேன். அங்கே ஒரு மேகம் வந்தால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒவ்வொரு குன்றும் அடுத்த குன்றைப் போலவே இருக்கும். திரையில் தெரியும் அந்த நீலப் புள்ளிக்கு அப்போது தங்கத்தின் மதிப்பு.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்தைய மாலை, வழிகாட்டியின் வீட்டுத் திண்ணையிலோ முகாம் வாசலிலோ தாளை விரித்து வைத்து, ‘நாளைக்கு எந்த வழி, அண்ணா?’ என்று கேட்பேன். முதலில் தாளைத் தலைகீழாகத் திருப்பி, மலை எதிரே இருக்கும் திசைக்குச் சரிசெய்வார். பிறகு விரலால் ஓடைகளைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்வார். எந்த நீலக்கோடு இப்போது வற்றிவிட்டது, எந்தப் பாறைக்கு அடியில் கோடையிலும் ஊற்று இருக்கிறது, எந்த மேட்டில் கரடி குட்டியோடு திரிகிறது என்று சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதிக்கொள்வேன். பழனி மலைக்கு நான் எடுத்துப்போகும் தாளின் ஒரு மூலையில், நாங்கள் வழக்கமாக நடக்கும் பள்ளத்தாக்கில் அச்சிட்ட பெயர்கள் மூன்று. பென்சிலில் எழுதியவை இப்போது பதினேழு.